நாய்க்குக் காவல் யாரு?

வாடா பேராண்டி, உக்காரு. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, சோபா போயிடுச்சு. தவணை இன்னும் முடியலைன்னு உங்கம்மா சொன்னா. பஞ்சு தனியா, கட்டை தனியா, துணி தனியா பிரிச்சு வெச்சிருக்காமே? இன்ஜினியர் வீட்டு நாய் இல்லியா, வேலை சுத்தமாத்தான் இருக்கும்.

காலையில 8 மணிக்கு நீ பரனூர் கம்பெனிக்குக் கிளம்பறே. உன் பொண்டாட்டி சிறுசேரிக்குக் கிளம்பறா. ரெண்டு பேரும் வீடு திரும்ப ராத்திரி 7 ஆகுது. நடுவுல 11 மணி நேரம். அந்த லேப்ரடார் அத்தனை நேரமும் கண்ணை மூடிக்கிட்டு சகஸ்ரநாமம் சொல்லும்னு நெனைச்சியா? மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்த்திருப்பே. முன்னங்காலு ரெண்டையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ஒரு பூனை தவம் பண்ணுது, சுத்தி எலிங்க நிக்குது. பல்லவன் காலத்துச் சிற்பி விவரமானவன்டா. தவத்துக்குப் பூனையைக் கூப்பிட்டான். அந்த எடத்துல உன் நாயைத் தனியா நிறுத்தியிருந்தா, நமக்குப் பாறை மிஞ்சியிருக்காது.

நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நீ அதுக்கு வேலை குடுக்கலை, அதுவா ஒண்ணு தேடிக்கிச்சு. சம்பளம் கேக்காம செஞ்சிருக்கு. அதுக்குப் போய் கோவிச்சுக்கறியே.

இப்ப எலும்பு வாங்கிப் போட்டுட்டுக் கிளம்பலாமான்னு யோசனை கேக்க வந்திருக்கே. பேஷா போடலாம். நான் சொல்ற வரிசையில போட்டுக்கிட்டே வா, கடைசியில வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியையும் ஒரு தரம் பார்த்துட்டு வந்துடலாம். 1903ல ஆரம்பிச்ச காலேஜு. பார்க்க வேண்டிய எடம்தான்.

மொதல்ல ஞாயித்துக்கிழமை பிரியாணி எலும்பு. எல்லாத்தையும் ஒரு கவர்ல சேர்த்து வெச்சுத் திங்கக்கிழமை காலையில தட்டுல கொட்டு. வெந்த எலும்பு இருக்குதே, அது பச்சை எலும்பு மாதிரி இல்லை. எலும்பு வளைஞ்சு குடுக்கறதே உள்ள இருக்கற புரதச் சத்தாலதான். வேக வெச்சா அது போயிடும், மிச்சம் இருக்கறது நொறுங்கற கட்டை. காஞ்ச சவுக்கு விறகை முறிச்சா ஊசி ஊசியாச் சிலாம்பு கெளம்புமே, கோழித்தொடை எலும்பும் அப்படித்தான் உடையும். அந்தச் சிலாம்பு தொண்டையிலயோ குடல்லயோ குத்தினா, நீ மீட்டிங்ல இருப்பே, நாய் கட்டிலுக்கு அடியில இருக்கும். பொட்டலத்துல அடைச்சு ‘நாய் எலும்பு’ன்னு படம் போட்டு வித்தா ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதே. அமெரிக்காவுல உணவு, மருந்து நிர்வாகம் 2017ல ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. கடையில விக்கற சுட்ட, வாட்டின எலும்புங்களால நோவு வந்ததா ஏறக்குறைய 68 புகார். அதுல 15 நாய் செத்துப்போச்சுன்னு எழுதியிருந்தாங்க. ஒசத்தி பேக்கிங், அதே எலும்பு.

ரெண்டாவது, கறிக்கடை பாய்கிட்ட கேட்டு வாங்கற நல்லி. உனக்குன்னா ஒறிஞ்சு தின்ன ருசிதான். வட்டமா வெட்டின நல்லியை நாய் நக்கிக்கிட்டே இருக்கறப்ப, அந்த வளையம் கீழ்த்தாடையில ஏறி, கோரைப்பல்லுக்குப் பின்னால போய் மாட்டிக்கும். ஏறத் தெரியும், எறங்கத் தெரியாது. டாக்டர் மயக்க ஊசி போட்டு அறுத்துத்தான் எடுக்கணும். முழுசா குடுத்தா வேற கூத்து. வளர்ந்த நாய்க்கு 42 பல்லு. அதுல மேல்தாடையில பக்கவாட்டுல இருக்கற பெரிய பல்லுதான் கறியை வெட்டற கத்தி. கால் எலும்பைக் கடிச்சா அந்தப் பல்லுலதான் ஒரு சில்லு பேந்துக்கும். நம்ம பல்லு மேல இருக்கற எனாமலைவிட நாய்க்கு ரொம்ப மெல்லிசு. நம்ம மாதிரி தாடையைப் பக்கவாட்டுல அசைச்சு அரைக்கவும் அதுக்கு வராது, வெட்டி முழுங்கத்தான் தெரியும். எலும்பு கடிக்கிற நாய் இரும்பைக் கடிக்குமான்னு பழமொழி இருக்குது. கடிக்கும்டா. நீ வாங்கிப் போட்டா கடிக்கும், பல்லு போனப்பறம் நிறுத்தும்.

“தாத்தா, உங்க காலத்து நாயெல்லாம் எலும்பு தின்னுதானே வளந்துச்சு?”ன்னு கேக்கப் போறே. கேளு. வளந்ததுங்களை நீ பார்த்தே. சாகறதுங்களை யாரு எண்ணினா? ஒரு நாய் ரெண்டு நாள் சோறு எடுக்காம வைக்கப்போருக்குப் பின்னால போய்ப் படுத்துச்சுன்னா, வெஷம் தீண்டிச்சுன்னு சொல்லிப் பொதைச்சுட்டு அடுத்த குட்டியைத் தூக்கிக்கிட்டு வருவோம். வயித்தை அறுத்துப் பார்த்தவன் எவன்? இன்னொண்ணு, எங்க நாய் களத்து மேட்டுல பத்துப் பேருக்கு நடுவுல எலும்பைக் கடிச்சுது. தொண்டையில சிக்கினா எவனாவது ஓடியாந்து வாயைப் பொளப்பான். உன் நாய் நாலாவது மாடியில பூட்டின கதவுக்குள்ள கடிக்குது.

மூணாவது, பெட் ஷாப். போன மாசம் உன்கூட வந்தேனே, அந்தக் கண்ணாடி அலமாரியை நானும் நின்னு பார்த்தேன். முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் எலும்பு வரிசையா தொங்குது. மாட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில ஊறவெச்சு முடியெடுத்து, ரெண்டு அடுக்காப் பிளந்து, மேலடுக்குச் செருப்புக்கும் பைக்கும் போனா, உள்ளடுக்கைக் கழுவி வெளுத்துச் சுருட்டிக் காய வெக்கறாங்க. தோல் சமாச்சாரம் நம்ம செங்கல்பட்டுச் சீமைக்குப் புதுசா என்ன? குரோம்பேட்டையில குரோம் லெதர் கம்பெனி 1912லயே வந்தாச்சு. ஆனா பேராண்டி, உன் செருப்பைக் கடிச்சா நாயை வெரட்டறே, செருப்போட தம்பியைக் காசு குடுத்து வாங்கி நீயே அது வாயில வெக்கறே. என்ன நியாயம்? அந்தத் தோல் எச்சில் பட்டா ஊறும், வழுவழுன்னு ஆகும். கடைசித் துண்டை லேப்ரடார் மெல்லாது, முழுங்கும். அது வயித்துல சீக்கிரம் கரையாது. தொண்டையிலயோ குடல்லயோ போய் அடைச்சுக்கும்.

பக்கத்துல மான் கொம்பு கேட்டியே, கடைக்காரன் காதோட காதா ‘வரும் சார்’னான். வரும், போலீசும் வரும். புள்ளிமான், கடமான் கொம்பெல்லாம் தானா உதிர்ந்ததா இருந்தாலும் விக்கறதும் வாங்கறதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். வெளிநாட்டுக் கொம்புன்னாலும் பல்லுக்கு ஒண்ணுதான், உடைச்சுடும். மாட்டுக் குளம்பும் அதே ஜாதி. அப்பறம் அந்த இமயமலைப் பால்கட்டி. நேபாளத்துல சுர்பின்னு சொல்லி யாக் மாட்டுப் பால்லயும் பசும்பால்லயும் பண்றது. மலையில மனுஷனே வாயில அடக்கிக்கிட்டு ஊற வெச்சுத் தின்பான். அதுல சிலது கருங்கல்லு. உன் நாய்க்குப் பொறுமை இருந்தா நாமளே சோபாவைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.

நீளமா பழுப்புக் கலர்ல ஒரு குச்சி வாங்கினியே, ‘புல்லி ஸ்டிக்’னு. உன் பொண்டாட்டி அதை மோந்து பார்த்து, இது என்ன தாத்தான்னு கேட்டா. நான் வாயைத் தொறக்கலை. காளை மாட்டோட ஆண்குறியைக் காய வெச்சதுன்னு ஒரு சின்னப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? அமெரிக்காவுல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க 2013ல 26 குச்சியைச் சோதிச்சு எழுதினாங்க. 7 குச்சியில ஈ.கோலை கிருமி. ஒரு அங்குலத்துக்கு 9லருந்து 22 கலோரி வரைக்கும் இருந்துச்சாம். ஒரு முழுக் குச்சியைத் தின்னுட்டு ராத்திரி சோறும் தின்னா, நாய் கடிக்கறதை நிறுத்திடும். நகர முடியாது இல்ல?

நாலாவது, நீங்க குடும்பத்தோட கடற்கரைக்குப் போறது. மாமல்லபுரம் கரையில சுட்ட சோளம் தின்னுட்டு, கட்டையை நாய்க்கு எறியறீங்க. அது கவ்விக்கிட்டு ஓடறதை வீடியோ வேற எடுக்கறீங்க. சோளக்கட்டை வயித்துல செரிக்கவே செரிக்காது. சின்னக் குடல்ல போய் அடைச்சா ஆபரேஷன்தான். மாங்கொட்டையும் அதே கணக்கு. தேங்கா மட்டையும் வேணாம், நாரு உள்ள போய்ச் சிக்கிக்கும். வலையிலருந்து உதறிப் போட்ட மீனுங்க கெடக்கும். கெளுத்தியோட முள்ளு வாயில பாஞ்சா எடுக்கறது லேசில்லை, வெஷமும் உண்டு. வயித்தை உப்பிக்கிட்டுக் கெடக்குமே பேத்தை, அதைக் கடிச்சா டாக்டர் வீட்டுக்கு வழி தேடக்கூட நேரம் இருக்காது. மீன்பிடிக்கற ஆளுங்களே தொடாம ஒதுக்கிப் போட்டதை உன் நாய் ஏன் தொடணும்? கரையில நடக்கறப்ப சங்கிலியைக் கையில புடி, போனை இல்லை.

சரி, கிண்டல் போதும். உன் மூஞ்சி கருவாடாப் போகுது.

தனியா விட்டுட்டுப் போற நாய்க்கு எலும்பே கெடையாது. வெந்ததும் இல்லை, வேகாததும் இல்லை. தோலும் இல்லை, கொம்பும் இல்லை. கடிச்சா துண்டு பேர்ற எதுவும், நீ எதிர்ல உக்காந்திருக்கறப்ப மட்டும்தான். பச்சை எலும்பு குடுக்கணும்னு ஆசையா இருந்தா, மொதல்ல டாக்டரைக் கேளு, அதுல சால்மொனெல்லா மாதிரி கிருமி இருக்கும், வீட்ல கொழந்தை இருந்தா அதுக்கும் ஒட்டும். குடுத்தா கால் மணி நேரம் கூட இரு, அப்பறம் எடுத்து வெச்சுடு.

கடையில எதை வாங்கினாலும் நாலு சோதனை. ஒண்ணு, கட்டை விரல் நகத்தால அழுத்திப் பாரு. தடம் விழுந்தா சரி, விழலைன்னா பல்லு போகும். ரெண்டு, அதாலயே உன் முட்டியில ஒரு தட்டுத் தட்டிக்க. ‘ஐயோ’ன்னு கத்தினா கடையிலயே வெச்சுட்டு வா. மூணு, அது நாயோட வாயைவிடப் பெருசா இருக்கணும், முழுசா உள்ள போகக் கூடாது. நாலு, கடைசித் துண்டுன்னு ஒண்ணு மிஞ்சுமான்னு யோசி. மிஞ்சினா அதை முழுங்கும். லேப்ரடார்னா கண்டிப்பா முழுங்கும்.

இந்த நாலுலயும் தேறறது கெட்டி ரப்பர்ல செஞ்ச உள்கூடு பொம்மை. அது வந்த கதை கேளு. 1970கள்ல அமெரிக்காவுல கொலராடோவுல ஜோ மார்க்கம்னு ஒருத்தன். அவன்கிட்ட ஃப்ரிட்ஸ்னு ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு, போலீஸ்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றது. வேலை போன வெறுப்புல கல்லைக் கடிச்சுக் கடிச்சுப் பல்லைத் தேய்ச்சுக்கிச்சு. இவன் ஃபோக்ஸ்வேகன் வண்டிக்கு அடியில படுத்து ரிப்பேர் பண்றப்ப கழட்டிப் போட்ட ரப்பர் பாகம் ஒண்ணை நாய் கவ்விக்கிட்டு விடவே இல்லை. அதைப் பார்த்துத்தான் ‘காங்’ பொம்மை பண்ணினான். இன்னிக்கு உலகம் பூரா விக்குது. பாரு, ஓய்வு பெற்ற போலீஸ்காரனுக்கே வேலை இல்லாம இருக்க முடியலை. உன் நாய் வாலிபப் பையன்.

வாங்கறப்ப ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கான்னு பாரு. ஒரே ஓட்டைன்னா உள்ள காத்து இழுத்து நாக்கு மாட்டிக்கும். நாய் எடைக்கு ஏத்த அளவு வாங்கு. குட்டி நாய்க்கு உண்டானதை வாங்கிக் காசு மிச்சம் பிடிக்காதே.

உள்ள என்ன வெக்கறது? வெளிநாட்டு டப்பா எதுவும் வேணாம். ஆடி மாசம் அம்மனுக்கு ஊத்தறமே, அந்தக் கேவுரு கூழு போதும். உப்புப் போடறதுக்கு முந்தி ஒரு கரண்டி எடுத்து ஆற வெச்சுடு. பொம்மையோட சின்ன ஓட்டையைக் கேரட் துண்டால அடை. அடியில உப்பு காரம் இல்லாம வேக வெச்ச கோழிக்கறியில எலும்பில்லாத துண்டு ஒண்ணு வை. அது மேல வெந்த பரங்கிக்காயை மசிச்சு ரெண்டு ஸ்பூன். அப்பறம் கூழு, கெட்டித் தயிரு கலந்து முக்கால்வாசி ஊத்து. வாய்ப்பக்கம் அதோட தினசரித் தீனியில நாலு உருண்டை லேசாச் சொருகு, எடுத்த எடுப்புலயே ஏதாவது கெடைச்சாத்தான் அதுக்கு நம்பிக்கை வரும். பொம்மையை டம்ளர்ல நிமுத்தி ராத்திரி ஃப்ரீசர்ல வை. காலையில கல்லு மாதிரி இருக்கும், ஆனா நக்க நக்கக் கரையும். பல்லுக்கு வேலை இல்லை, நாக்குக்குத்தான் வேலை. நக்கறதும் மெல்றதும் நாய்க்கு மனசை அடக்கற காரியம். மொத நாளே ஒறைய வெச்சுடாதே. மொதல்ல தளதளன்னு குடு, பழகினப்பறம் ஒறைய வை. உள்ள வெச்ச அளவை ராத்திரிச் சோத்துல கொறைச்சுக்க. தினமும் வெந்நீர்ல கழுவு, ரப்பர் பிஞ்சிருந்தா தூக்கிப் போடு. மொத தடவை ஒரு லீவு நாள்ல, நீ வீட்ல இருக்கறப்ப குடுத்து, எப்படிக் கையாளுதுன்னு உக்காந்து பாரு.

கூழுன்னதும் கூடவே வெங்காயத்தை நறுக்கிப் போட்டுடாதே. உனக்குத்தான் அது தொட்டுக்க. வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகாது. கடலை வெண்ணெய் வாங்கினா டப்பாவுல சைலிட்டால் இருக்கான்னு படி, இருந்தா தொடாதே, சர்க்கரை எறங்கி நாய் சுருண்டு விழும். திராட்சை ஆகாது, காஞ்சதும் ஆகாது, சிறுநீரகத்தைப் பாழாக்கும். அதுக்குக் காரணம் டார்டாரிக் அமிலமா இருக்கலாம்னு இப்ப ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. அந்த அமிலம் நம்ம புளியிலயும் நெறைய இருக்குது. புளி தின்னு சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பத்தி எழுதியும் இருக்காங்க. அதனால மிஞ்சின புளிசோறு, மீன்கொழம்புச் சோறு எதுவும் வேணாம். நம்ம திருக்கழுக்குன்றத்துல ஒரு காலத்துல உச்சி வேளையில ரெண்டு கழுகு வந்து குருக்கள் கையால சர்க்கரைப் பொங்கல் தின்னுட்டுப் போகும், நான் மலையேறிப் பார்த்திருக்கேன். கழுகு தின்னுச்சேன்னு திராட்சை போட்ட பொங்கலை நாய்க்கு வெச்சுடாதே.

இப்ப நேரத்துக்கு வரேன். நாய்ங்க அட்டகாசம் பண்றது பெரும்பாலும் நீ கதவைச் சாத்தின மொத அரை மணி நேரத்துக்குள்ளதான் ஆரம்பிக்கும். அதனால கிளம்பறப்ப பொம்மையை வை, “போயிட்டு வரேன் கண்ணு, சமத்தா இரு”ன்னு மூக்கைச் சிந்தாம போ. திரும்பி வந்து பாரு. பொம்மை காலியா இருந்தா நாய்க்கு வேலைதான் கொறைவா இருந்துச்சு. கூழு அப்படியே உருகிக் கெடந்து, கதவுல நகக் கீறலும் தரையில எச்சிலுமா இருந்தா, அது சேட்டை இல்லைடா, பயம். பயந்தவனுக்குச் சோறு எறங்குமா? அதுக்குக் கடையில மருந்து கெடையாது, நாய் டாக்டர்கிட்டப் போ.

பொம்மை எவ்வளவு நேரம் தாங்கும்? முக்கால் மணி, மிஞ்சினா ஒரு மணி. மிச்சம் 10 மணி நேரத்துக்கு என்ன பண்ணப் போறே? ஸ்வீடன் நாட்டுல பகல்ல 6 மணி நேரத்துக்கு ஒரு தரமாவது நாயை வெளியில கூட்டிப் போகணும்னு அரசாங்க விதியே இருக்குது. அங்கதான் அப்படின்னு சிரிக்காதே. நம்ம நாட்டுல 1960லயே மிருகவதைத் தடுப்புச் சட்டம் போட்டாச்சு. எப்பவும் கட்டியோ அடைச்சோ வெக்கற நாயை நடமாட விடாம இருக்கறது அதுல குத்தம். காலையில கிளம்பறதுக்கு முந்தி அரை மணி நேரம் நடத்து, ஓட விடு, மோந்து பார்க்க விடு. களைச்ச நாய்தான் தூங்கும். மத்தியானம் பக்கத்து வீட்டு ஆயாகிட்ட சாவி குடுத்துக் கால் மணி நேரம் எறக்கிட்டு வரச் சொல்லு. ஆயாவுக்கும் பேச்சுத் துணை.

எதையாவது முழுங்கிடுச்சுன்னு சந்தேகம் வந்தா, வாயைக் காலால பறாண்டுதா, எச்சில் வடிக்குதா, விடாம வாந்தி எடுக்குதா, வயிறு உப்புதா, முக்கியும் ஆய் வரலையா, ரத்தம் கலந்து போகுதான்னு பாரு. ஒண்ணு இருந்தாலும் ஒடனே டாக்டர். உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வெக்காதே. நீ போட்டுக்கற வலி மாத்திரையை ஒடைச்சுக் குடுக்காதே. பின்பக்கம் நூலோ நாரோ தொங்கினா புடிச்சு இழுக்காதே, உள்ள குடல் அறுந்துடும்.

இவ்வளவுதான் பேராண்டி. எலும்பு உன் கண்ணெதிர்ல, ரப்பர் நீ இல்லாதப்ப, நடை தினமும். இதுல மூணுக்கும் நேரமில்லாதவன் நாய் வளக்கக் கூடாது.